சாவு வீட்டில் சொல்லக் கூடாதது

சூடு சுரணை என்று ஒன்று மனிதப் பிறவிக்கு இருக்க வேண்டும். அது மருந்துக்குக்கூட இல்லாத ஒருத்தியை எனக்குத் தெரியும். கண்டியில் எங்கள் கடைக்கு நேர் எதிரே, வெயிலுக்கும் மழைக்கும் ஒரே கறுப்புக் குடையைப் பிடித்துக்கொண்டு, வெள்ளைச் சேலையும் கன்வஸ் சப்பாத்துமாக நிற்பாள். தோளில் ஒரு ரெக்சின் பை, பை நிறையத் துண்டுப் பிரசுரம். ஆள் ஒன்று அந்தப் பக்கம் நடந்தால் போதும். "தம்பி, ஒங்க பாவத்துக்காக ஒருத்தர் உயிரக் கொடுத்திருக்காரு, தெரியுமா?" என்று ஆரம்பித்துவிடுவாள். ஹேவாஹெட்ட பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவனிடம் கேட்கிற கேள்வியா அது?

எங்களுடையது பூசைச் சாமான் கடை. கற்பூரம், சாம்பிராணி, ஊதுபத்தி, விபூதி, குங்குமம், கண்ணாடி போட்ட சாமி படங்கள். அப்பா போன பிறகு பணப்பெட்டிக்கு முன்னால் அம்மா உட்கார்ந்தாள். சாமான் கட்டிக் கொடுப்பது மூத்தவளான நானும் தம்பியும். இவளுக்கு நின்று பேச ஊரில் வேறு இடமா இல்லை? பிள்ளையார் படம் விற்கிற கடை வாசலைப் பார்த்து நின்றுகொண்டு, படத்தைக் கும்பிடாதே என்று பிரசங்கம் செய்தாள்.

"இந்தாம்மா, அங்கிட்டுப் போய் நில்லு. ஏவாரம் கெடுது" என்று அம்மா எத்தனையோ தரம் சொல்லிப் பார்த்தாள்.

"ஒங்களுக்காகத்தான்க்கா இங்க நிக்கிறேன்" என்பாள் அவள், ஏதோ எங்களுக்குக் காவல் நிற்பதுபோல.

உண்மையைச் சொல்வதானால் வியாபாரம் கெடவில்லை. அவளிடமிருந்து தப்பிக்க எங்கள் கடைக்குள் நுழைந்தவர்கள், வெறுங்கையோடு வெளியே போகக் கூச்சப்பட்டு ஒரு பெட்டி ஊதுபத்தியாவது வாங்கினார்கள். "இந்த அம்மாவுக்கு நம்ம சம்பளம் கொடுக்கணும்மா" என்று தம்பி சொல்லிச் சொல்லிச் சிரிப்பான். ஊரில் அவளோடு முகம் கொடுத்துப் பேசிய ஒரே ஆள் அவன்தான். ஹேவாஹெட்டப் பக்கம் ஏதோ ஒரு தோட்டத்தில் பிள்ளைக் காம்பராவில் ஆயம்மாவாக இருந்தவள் அவள். கொழுந்து பறிக்கப் போகிற தாய்மார் விட்டுவிட்டுப் போகும் கைக்குழந்தைகளையும் நடைபழகும் குழந்தைகளையும் பார்த்துக்கொள்கிற வேலை. அதைக் கேட்டு வைத்துக்கொண்டு தம்பி அவளை ஆயம்மா என்றே கூப்பிட்டான். அந்தத் தொண்டை எங்கிருந்து வந்தது என்று எனக்கும் அப்போதுதான் புரிந்தது. ஒரு காம்பரா நிறையக் குழந்தைகள் அலறும்போது அதற்கு மேலே கேட்கும்படி கத்திப் பழகிய தொண்டை. கண்டி நகரத்தையும் அவள் அப்படித்தான் நினைத்துக்கொண்டாள்.

ஒரு மழைக்காலத்தில் அவளுக்கு நெஞ்சுச் சளி. இருமிக்கொண்டே கடைக்குள் வந்தாள். அவள் எங்கள் கடைப் படி ஏறியது அதுதான் முதல் தரம். சாமி படங்களைப் பார்க்காமல், தரையைப் பார்த்துக்கொண்டே, "ஒரு கட்டி கற்பூரம் வேணும் தம்பி. எண்ணெயில காய்ச்சித் தடவ. பூசைக்கு இல்ல" என்றாள்.

தம்பி சும்மா இருப்பானா? "இது பூசைக் கற்பூரம் ஆயம்மா. சாமிக்கு மட்டுந்தான் வேல செய்யும்" என்றான்.

அவள் சிரிக்கவில்லை. உண்மையாகவே யோசித்தாள். யோசித்துவிட்டு இருமிக்கொண்டே இறங்கிப் போய்விட்டாள். மறுநாள் வந்து, "ஜெபம் பண்ணிப் பாத்தேன். கற்பூரத்தையும் கர்த்தர்தான் படைச்சிருக்காரு. ஒரு கட்டி தாங்க" என்றாள். ஒரு கட்டி கற்பூரத்துக்கு ஓர் இரவு முழுக்கக் கடவுளை விசாரித்தவளிடம் வேறு என்ன புத்தியை எதிர்பார்ப்பது?

எங்களிடம் மட்டும் என்றில்லை. அம்பிட்டியப் பக்கம் பரம்பரை பரம்பரையாக மாதா கோயிலுக்குப் போகிற வேதக்காரக் குடும்பங்கள் இருந்தன. அவர்கள் வீட்டுக்கும் போய் யேசுவைப் பற்றிச் சொன்னாள். கழுத்தில் ஜெபமாலை போட்டுக்கொண்டிருப்பவர்களிடம் போய், நீங்கள் இன்னும் இரட்சிக்கப்படவில்லை என்றால் அவர்கள் என்ன தேத்தண்ணியா கொடுப்பார்கள்? நாயை அவிழ்த்துவிட்டார்கள். சேலைக் கரை கிழிந்து வந்தவள் அடுத்த கிழமை அதே வீட்டுக்கு மறுபடி போனாள். "நாய் என்னாத்துக்குக் கோவப்படுது? அதுக்கு நா ஒண்ணும் சொல்லலியே" என்றாளாம்.

அவளுடைய அண்ணன்மார் இரண்டு பேரும் குடும்பத்தோடு இந்தியாவுக்குப் போனார்கள். அது தோட்டத்து ஆட்களுக்குப் பாஸ்போர்ட் வந்துகொண்டிருந்த காலம். அவளையும் கூப்பிட்டார்கள். தனிக்கட்டை, போயிருக்கலாம். "அங்க சொல்ல நெறைய ஆளு இருக்காங்க. இங்க யாரு இருக்கா?" என்று கேட்டு நின்றுவிட்டாள். இங்கே கேட்க ஆள் இல்லை என்பதுதான் அவளுக்குக் கடைசிவரை தெரியவில்லை. அத்தனை வருஷம் தொண்டை கிழியக் கத்தியும் எங்கள் தெருவில் ஒரு பூனைக்குட்டிகூட அவள் பின்னால் போகவில்லை.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அவள் சாவு வீடுகளில் செய்ததைத்தான் பொறுக்க முடியாது.

எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. சாவு வீட்டுக்கு வருகிறவர்களை யாரும் "வாங்க" என்று கூப்பிட மாட்டார்கள். போகிறவர்களும் "போயிட்டு வாரேன்" என்று சொல்ல மாட்டார்கள். அப்படிச் சொன்னால் அந்த வீட்டில் இன்னொரு சாவு விழும் என்று பயம். பேசாமல் வந்து, கட்டிப் பிடித்து அழுது, பேசாமல் எழுந்து போய்விட வேண்டும். வாய் தவறிச் சொல்ல வந்தாலும் நாக்கைக் கடித்துக்கொள்வார்கள்.

இந்த வழக்கம் அவளுக்கு நன்றாக வாய்த்துவிட்டது. கல்யாண வீட்டில் அவளைக் கண்டால் வாசலிலேயே நிறுத்துவார்கள். சும்மா நாளில் போனால் படலையைச் சாத்துவார்கள். சாவு வீட்டில் மட்டும் "ஒன்ன யாரு கூப்பிட்டா?" என்று கேட்க முடியாது. அங்கே யாரையும்தான் கூப்பிடுவதில்லையே. செய்தி அவளுக்கு எங்கள் கடையிலிருந்தே போனது. கோடித்துணி, பன்னீர், சந்தனம், ஊதுபத்தி எல்லாவற்றையும் ஒருவர் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு ஒன்றாக வாங்கினால், சாவு என்று யாருக்கும் தெரியும். அவர் படி இறங்கியதும் குடை அவர் பக்கமாக நகரும். எந்தப் பக்கம், யாருடைய வீடு என்று கேட்டுக்கொள்வாள். சில நேரம் தம்பியே கடைக்குள்ளிருந்து கையைக் காட்டி, "ஆயம்மா, அம்பிட்டியப் பக்கம் ஒண்ணு" என்பான். அம்மா அவன் முதுகில் போடுவாள்.

நகைக்கடை முதலாளி செத்தபோது நானும் அங்கே இருந்தேன். அவள் பெண்களோடு பெண்ணாக உட்கார்ந்து அழுதாள். அதுவும் ஒரு கெட்ட பழக்கம், யாருடைய சாவுக்கும் அவளுக்கு நிஜக் கண்ணீர் வரும். ஒப்பாரி சற்று ஓய்ந்ததும் எழுந்து நின்றாள். செத்துப் போனவருக்கு இனி வழி இல்லை, அவர் போன இடம் நெருப்பு, இருக்கிறவர்களாவது தப்பித்துக்கொள்ளுங்கள் என்று அந்தத் தொண்டையைத் திறந்தாள். முதலாளியின் தலைமாட்டில் நின்றுகொண்டு. மகன்மார் ஆளுக்கொரு பக்கம் பிடித்து வாசல்வரை இழுத்துப் போனார்கள். மருமகள் ஒரு வாளித் தண்ணீரைத் தூக்கி ஊற்றினாள். அவள் படலைக்கு வெளியே நின்று சேலையைப் பிழிந்தாள். குடையை விரித்தாள். பிறகு அத்தனை பேருக்கும் கேட்கும்படி, "சரிங்க, போயிட்டு வாரேன்" என்றாள்.

பெண்கள் வாயில் அடித்துக்கொண்டார்கள். முதலாளியின் மனைவிக்கு மயக்கமே வந்துவிட்டது.

தம்பிக்கு ஒரு கிழமைக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "ஏன் ஆயம்மா, சாவு வீட்டில அப்புடிச் சொல்லலாமா?" என்று கடைவாசலில் நின்று கேட்டான்.

"சாவுக்குப் பயந்தவங்க சொல்லக் கூடாது. எனக்கென்னா பயம்? திரும்பி வருவேன்னு சொல்றது ஒரு குத்தமா?"

சொன்னபடி மறுநாள் முதலாளி வீட்டுக்குப் போயும் இருக்கிறாள். படலையைத் திறக்கவில்லை. வெளியே றோட்டில் நின்று ஜெபம் பண்ணிவிட்டு வந்தாள். அந்த வீட்டில் அடுத்த சாவு விழப் பல வருஷம் ஆயிற்று. ஆனாலும் அவள் வாயைக் கழுவ வேண்டும் என்று எல்லோரும் பேசிக்கொண்டோம்.

அப்புறம் எங்கள் கடை சாத்திக் கிடந்தது.

தம்பி போய்விட்டான். அவனாகவே தேடிக்கொண்ட சாவு. ஏன் என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. முதல் நாள் மாலை கடையில் யாரையோ கேலி பண்ணிச் சிரித்துக்கொண்டிருந்த பயல். விசாரணை எல்லாம் முடிந்து ஆஸ்பத்திரியிலிருந்து பெட்டியில் கொண்டுவந்து வைத்தார்கள். கோடித்துணியும் பன்னீரும் எங்கள் கடையிலிருந்தே நான் எடுத்து வந்தேன்.

இப்படிப்பட்ட சாவு வீட்டுக்குச் சனம் வரும், உட்காராது. எட்டிப் பார்க்கும், காதோடு காது பேசும், போகும். அப்பாவின் தங்கை, எங்கள் அத்தை, முறைப்படி எல்லாவற்றையும் நடத்தினாள். சாஸ்திரம் அவளுக்கு விரல் நுனியில். எந்தத் திசையில் தலை வைக்க வேண்டும், யார் எந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்று சத்தம் போட்டுக்கொண்டே இருந்தாள். அம்மா அழவில்லை. ஒரு சொல் பேசவில்லை. சுவரில் சாய்ந்து பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கறுப்புக் குடை வாசலில் மடங்கியது. கடை சாத்தியிருந்ததைக் கண்டு விசாரித்துக்கொண்டு வந்திருக்கிறாள். நகைக்கடை முதலாளிக்கே நெருப்பு என்றவள், தம்பிக்கு என்ன சொல்வாள்? கதவோரம் விளக்குமாறு இருந்தது. அந்த வார்த்தையை அவள் சொன்னால் அதாலேயே அடித்து விரட்டுவது என்று பக்கத்தில் போய் நின்றுகொண்டேன்.

அவளைக் கண்டதும் அம்மா தலையை நிமிர்த்தினாள்.

"செத்தவங்க எல்லாம் எங்க போறாங்கன்னு ஊரெல்லாம் சொல்றியே. எம்புள்ள எங்க போயிருக்கான்? சொல்லு."

அத்தைகூடச் சத்தம் போடுவதை விட்டுத் திரும்பிப் பார்த்தாள். அவள் பெட்டிக்குக் கிட்டப் போய்த் தம்பியின் முகத்தைப் பார்த்தாள். பேசுவதற்கு வாயைத் திறந்தாள், மூடினாள். மறுபடி திறந்தாள்.

"தெரியாதுக்கா" என்றாள்.

"ஊருக்கெல்லாம் தெரியுது. எம்புள்ளைக்கு மட்டும் தெரியலியா?"

"தெரியாதுக்கா. தம்பியத் தெரியும். தம்பி எங்க இருக்குன்னு தெரியாது. தெரியாததச் சொல்ல மாட்டேன்."

எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி மாளாது. ஊரான் பிணத்துக்கு முன்னால் எல்லாம் வாய் கிழியப் பேசியவள், அம்மா வாய்விட்டுக் கேட்ட ஒரே கேள்விக்குத் தெரியாது என்கிறாள். நல்ல இடத்தில் இருக்கிறான் என்று ஒரு பொய் சொன்னால் குறைந்தா போவாள்? அன்றைக்கு யார் என்ன பொய் சொல்லியிருந்தாலும் அம்மா அதைப் பிடித்துக்கொண்டிருப்பாள். இவள் அதைக்கூடச் செய்யாமல் அம்மாவுக்குப் பக்கத்தில் போய்க் குந்திக்கொண்டாள். பெட்டி வெளியே போகும்வரை எழும்பவில்லை.

எல்லோரும் முறைப்படி பேசாமல் எழுந்து போனார்கள். கடைசியாக எழுந்தவள் அவள். குடையை எடுத்துக்கொண்டு, அம்மாவைப் பார்த்து, "அக்கா, போயிட்டு வாரேன்" என்றாள்.

"எடுபட்டவ. இன்னொண்ணையும் வாங்கிட்டுத்தான் போவா" என்று அத்தை நெஞ்சில் அடித்துக்கொண்டாள்.

அத்தை சொன்னது பலித்துவிடும்போல்தான் இருந்தது. அன்றிலிருந்து அம்மா சாப்பிடவில்லை. சோற்றைப் பிசைந்து வாயருகே கொண்டுபோனால் முகத்தைத் திருப்புவாள். தண்ணீர் கொடுத்தால் ஒரு வாய் குடிப்பாள். தம்பி படுக்கிற பாயிலேயே சுருண்டு கிடந்தாள். டாக்டர் வந்து பார்த்துவிட்டு, சாப்பிட வையுங்கள் என்றார். அதைத்தானே என்னால் செய்ய முடியவில்லை. அத்தை ஒரு நாள் வந்தாள், வாசலோடு நின்றாள், போனாள். வேறு யாரும் வரவில்லை. வீட்டில் நானும், கிடையில் அம்மாவும். அந்தப் "போயிட்டு வாரேன்" என் காதுக்குள்ளேயே நின்றது. சொன்னவளின் நாக்கை இழுத்து வைத்து அறுக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டு கஞ்சி காய்ச்சினேன்.

அப்படிச் சொன்னவள் மறுநாளே வந்தாள். படலையிலேயே மறித்து, "இனிமே இந்தப் பக்கம் வராதீங்க" என்று முகத்துக்கு நேரே சொன்னேன். "சரி புள்ள" என்றாள். பின்னால் குசினிப் பக்கமாகச் சுற்றிக்கொண்டு, அடுப்படி வழியாக உள்ளே வந்துவிட்டாள்.

வந்தவள் ஆறுதல் சொன்னாளா என்றால் அதுவும் இல்லை. சில நாள் அம்மாவின் தலைமாட்டில் வந்து குந்தியிருந்துவிட்டு, ஒரு நாள் வழக்கமான பிரசங்கத்தை ஆரம்பித்தாள். கல்லையும் மண்ணையும் கும்பிடுகிறீர்களே, அது எழுந்து வந்து ஒரு வாய் தண்ணீர் தருமா என்று. பிள்ளையைப் பறிகொடுத்தவளிடம் பேசுகிற பேச்சா? நான் அடுப்படியிலிருந்து ஓடிவந்தேன். அதற்குள் பாயிலிருந்து அம்மாவின் குரல் கேட்டது. கம்மிப்போன குரல்.

"ஒஞ்சாமி மட்டும் வந்து தந்துச்சாக்கும்."

அது அம்மா பல நாளைக்குப் பிறகு பேசிய முதல் பேச்சு.

இவள் விட்டாளா? "தந்துச்சு" என்று ஆரம்பித்தாள். அம்மா முழங்கையை ஊன்றி எழும்பப் பார்த்தாள். எங்கள் முருகனைப் பற்றி நீ என்னடி கண்டாய் என்று கேட்கப் போனவளுக்கு மூச்சு வாங்கியது, சொல் வரவில்லை. இவள் உடனே பையைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தாள்.

"பட்டினி கெடக்கிறவளோட நா வாதாட மாட்டேன். கஞ்சியக் குடிச்சிட்டுப் பேசுங்க. அப்புறம் நா பதில் சொல்றேன்."

அம்மா என்னைப் பார்த்துக் கையை நீட்டினாள். நான் கஞ்சிக் கோப்பையைக் கொடுத்தேன். குடித்துவிட்டு, கோப்பையைத் தரையில் தட்டென்று வைத்துவிட்டு, அம்மா பேசினாள். முருகனில் தொடங்கி மாரியம்மனுக்கு வந்து, அவளுடைய சபைப் பாஸ்டரின் மோட்டார் சைக்கிள்வரை ஒரு பிடி பிடித்தாள். அவள் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள். ஒரு பதிலும் உருப்படி இல்லை. போகும்போது, "போயிட்டு வாரேன்க்கா" என்றாள். "வராத" என்றாள் அம்மா.

மறுநாள் அவள் வருகிற நேரத்துக்கு அம்மா பாயில் எழுந்து உட்கார்ந்திருந்தாள். அதற்கு முன்பே ஒரு கவளம் சோறு சாப்பிட்டிருந்தாள். முதல் நாள் சொல்ல விட்டுப்போனது ஏதோ அம்மாவுக்கு ராத்திரி ஞாபகம் வந்திருக்கிறது. இப்படித்தான் நாளுக்கு நாள் ஒரு கவளம் கூடியது. பிள்ளைக் காம்பராவில் சாப்பிட அடம்பிடிக்கிற குழந்தைகளுக்கு ஊட்டிய பழக்கத்தில் தெரிந்து செய்தாளா என்று பின்னாளில் பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். அவளுக்கு அவ்வளவு புத்தி கிடையாது. அம்மாவை எப்படியாவது இரட்சித்துவிட வேண்டும் என்ற வெறியைத் தவிர அவளிடம் வேறொன்றும் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

கருமாதி வந்தது. உறவுகளுக்கெல்லாம் சொல்லியிருந்தோம். அத்தை வீட்டில் மகளுக்குச் சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தார்கள். இப்படிப்பட்ட சாவு விழுந்த வீட்டுக் காரியத்தில் கை நனைத்தால் மாப்பிள்ளை வீட்டார் என்ன நினைப்பார்கள் என்று அத்தை வரவில்லை. அத்தை வராததைப் பார்த்து மற்றவர்களும் வரவில்லை. ஐயர் வந்தார், காரியத்தை முடித்தார், போனார். தம்பிக்குப் படைத்துவிட்டுக் கூடத்தில் வரிசையாக இலை போட்டிருந்தேன். நானும் அம்மாவும் பக்கத்து வீட்டுச் சிங்களக் கிழவரும் உட்கார்ந்தோம். மற்ற இலைகளில் ஈ மொய்த்தது.

குசினிக் கதவால் அவள் வந்தாள். நேரே கூடத்துக்கு வந்து கடைசி இலைக்கு முன்னால் உட்கார்ந்தாள். நான் சோற்றுச் சட்டியைத் தூக்கிக்கொண்டு போனேன். கையால் மறித்தாள்.

"படைச்சது நா சாப்புட மாட்டேன் புள்ள." பைக்குள்ளிருந்து ஒரு சோற்றுப் பார்சலை எடுத்தாள். எங்கள் இலையை மெதுவாக ஒரு பக்கம் நகர்த்தி வைத்துவிட்டுப் பார்சலைப் பிரித்தாள். பருப்பும் சம்பலும். கண்ணை மூடி ஜெபம் பண்ணிவிட்டுச் சாப்பிட ஆரம்பித்தாள்.

எனக்கு அந்தச் சட்டியை அவள் தலையில் கவிழ்க்க வேண்டும்போல் இருந்தது. தம்பியின் கருமாதியில் வந்து, தம்பிக்குப் படைத்த சோறு ஆகாது என்கிறாள். அவனோடு எவ்வளவு பேசியிருப்பாள், எவ்வளவு சிரித்திருப்பான் அவன். அதை நான் வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

அம்மா தன் இலையிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "விடுடி" என்றாள். "சொல்லாமப் போனாங்களே அத்தன பேரு, ஒருத்தராச்சும் வந்தாங்களா? வாரேன்னு சொன்னவதான் வந்திருக்கா. தின்னுட்டுப் போகட்டும்."

பிறகு அம்மா கடைக்கு வந்து மறுபடி பணப்பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்தாள். அவள் எதிரே நின்றாள். வருஷக் கணக்கில் இரண்டு பேரும் றோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக வாதாடினார்கள். அம்மா விபூதியை முன்னைவிடப் பட்டையாகப் பூசிக்கொண்டு வந்தாள். மதம் மாறுகிற பேச்சுக்கே இடமில்லை. அத்தனை பாடுபட்டும் அம்மாவை அவளால் அசைக்க முடியவில்லை என்று எனக்கு ஒரு சந்தோஷமும் இருந்தது.

அவளுடைய சபையிலும் அவளுக்கு நல்ல பெயர் இல்லையாம். இதை அந்தச் சபைக்குப் போகிற ஒரு பெண் சொன்னாள். கொசுவுக்கு என்று சொல்லி எங்களிடம் இரகசியமாக ஊதுபத்தி வாங்குகிறவள். சாவு வீட்டில் ஒரு தாயே வாய்விட்டுக் கேட்டும் சத்தியத்தைச் சொல்லாமல் தெரியாது என்றவள் என்று பாஸ்டர் எல்லோருக்கும் முன்னால் கண்டித்தாராம். கொஞ்ச நாள் சாட்சி சொல்ல விடாமல் கடைசி வாங்குப் பலகையில் உட்கார வைத்தார்களாம். அவள் அங்கே இருந்துகொண்டு பக்கத்தில் இருந்தவர்களுக்குப் பிரசங்கம் பண்ணினாளாம். நான் சொன்னேனே, சுரணை கிடையாது. எங்கள் ஆட்கள் துரத்தியதும் அவளுடைய ஆட்கள் ஒதுக்கியதும் அவளுக்கு ஒன்றுதான். அந்தக் கேள்விக்கு ஏன் அப்படிச் சொன்னாள் என்று அம்மா அவளிடம் கேட்டதே இல்லை. நானும் கேட்கவில்லை.

ஒரு கிழமை அவள் கடைக்கு எதிரே நிற்கவில்லை. அம்மாதான் முதலில் கவனித்தாள். ஆஸ்பத்திரியில் என்று கேள்விப்பட்டு, போய்ப் பார்ப்பதற்குள் முடிந்துவிட்டது. பல்லேகலப் பக்கம் தகரம் போட்ட சபை மண்டபத்தில் வைத்திருந்தார்கள். இந்தியாவிலிருந்து யாரும் வரவில்லை. சபை ஆட்கள் கொஞ்சப் பேர், பாட்டு, கைத்தட்டு. பாஸ்டர் இது அழுகிற வீடு இல்லை என்றார். பட்டை பட்டையாக விபூதி பூசிக்கொண்டு அம்மா அந்த மண்டபத்துக்குள் நடந்தபோது எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு எங்கே தலையை வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. பெட்டிக்குள்ளும் அதே வெள்ளைச் சேலைதான். வாய் மூடியிருந்த அவளை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

கொஞ்ச நேரம் இருந்துவிட்டு, போவோம் என்று அம்மாவுக்குக் கண்ணைக் காட்டினேன். அம்மா எழுந்து பெட்டிக்குக் கிட்டப் போனாள். அந்த முகத்தைக் குனிந்து பார்த்தாள்.

"சரிடி. போயிட்டு வாரேன்" என்றாள்.

மண்டபத்தில் எல்லோருக்கும் கேட்டது. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்தேன். பஸ்ஸில் உட்கார்ந்த பிறகு, இந்த வயதில் அங்கே போய் அந்தச் சொல்லைச் சொல்லலாமா என்று கேட்டேன். அம்மா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு, "போனதும் தல முழுகணும். தண்ணி கொதிக்க வையி" என்றாள்.

மறுநாள் காலை மழை. நான் கடைச் சாவியை எடுத்துக்கொண்டு புறப்படும்போது அம்மா சேலை மாற்றிக்கொண்டு கூடத்தில் நின்றாள். கையில் குடை. கடைக்கு வருகிறாள் என்று நினைத்தேன். அவள் வாசலில் இறங்கி, கடைக்குப் போகிற பக்கம் திரும்பாமல், பல்லேகல பஸ் நிற்கிற பக்கம் நடந்தாள்.

"அம்மா, எங்க போறீங்க? நேத்தே அடக்கம் பண்ணியிருப்பாங்களே."

"தெரியும். மண்ணையாச்சும் பாத்துட்டு வாரேன்" என்றாள் அம்மா. "வாரேன்னு சொல்லிட்டுல்ல வந்திருக்கேன்."